பிள்ளைக்கு மூன்றடி இடம்

திருக்கோவிலூர் என்றவுடன் நம் மக்களுக்கு இரண்டு கதைகள் சொல்லப்படுவது வழக்கம். ஒன்று, மாவலியிடம் மூன்றடி மண் கேட்டு வந்த குள்ளன் இரண்டே அடியில் உலகத்தையெல்லாம் அளந்துவிட்டு, மூன்றாவது அடிக்கு இடமில்லாமல், கொடுத்தவன் தலையின்மேலேயே காலை வைத்த கதை. தூக்கின காலோடு அவர் இன்றைக்கும் அங்கே நின்றுகொண்டிருக்கிறார். இன்னொன்று, மழைக்கு ஒதுங்கிய ஆழ்வார்கள் மூன்று பேர் ஒரு இடைகழிக்குள் அகப்பட்டுக்கொண்ட கதை. ஒருவர் படுத்திருந்தாராம்; இரண்டாமவர் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்களாம்; மூன்றாமவர் வந்ததும் மூவரும் எழுந்து நின்றார்களாம்; பிறகு யாரோ நாலாவது ஆள் உள்ளே புகுந்து நெருக்குவதுபோல் இருக்கவே, விளக்கேற்றிப் பார்த்ததில் அது பெருமாள் என்று தெரிய வந்ததாம்.

இக்கதைகளின் யோக்கியதையைப்பற்றி நாம் மேடைகளில் எத்தனையோ தடவை பேசியாய்விட்டது. இன்று அதற்காக அவற்றை எடுக்கவில்லை. இரண்டாவது கதை நம்முடைய வீடுகளிலே தினந்தோறும் விளக்கு வைக்கும் நேரத்தில் நடந்துவருகிறது என்பதைச் சொல்லவே எடுத்துக்கொண்டேன். ஒரு அறையும் ஒரு நடையும் உள்ள வீடு. பாட்டி படுத்திருக்கிறாள். தகப்பன் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். தாய் அடுப்படியில் நிற்கிறாள். பிள்ளையோ புஸ்தகப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடைக்கும் வாசலுக்குமாகத் திரிகிறது. இத்தனை நெருக்கடியிலும் ஒரு ஆளுக்கு மட்டும் இடம் குறைவதே இல்லை. அந்த ஆள் சாமி. சுவரில் அவருக்கு மாடம், மாடத்துக்குக் கீழே பலகை, பலகையின்மேல் விளக்கு, விளக்குக்கு எண்ணெய், அது போதாதென்று படத்தைச் சுற்றிச் சிவப்புப் பல்பு. அவர் படிப்பதில்லை, எழுதுவதில்லை, பரீட்சைக்குப் போவதில்லை. ஆனால் வீட்டிலேயே வெளிச்சமான மூலை அவருக்குத்தான்.

இதைக் கேட்டுச் சிரிக்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். ஏனெனில் நான் சொல்ல வந்தது பக்தர்கள் வீட்டைப்பற்றி மாத்திரமல்ல.

சென்ற அக்டோபர் மாதத்தில் பெண்ணையாற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்திலே பொதுக்கூட்டம். கூட்டம் முடிந்து, அவ்வூரில் சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் ஒரு தோழர் வீட்டில் சாப்பிட்டுத் தங்குவதாக ஏற்பாடு. நல்ல தோழர், கொள்கையில் பிடிப்புள்ளவர், தாலியில்லாமல் கலியாணம் செய்துகொண்டவர். அவர் வீட்டுக்குப் போகிற வழியில், மாரியம்மன் கோயில் மதில் ஓரத்துத் தெருவிளக்கின் கீழே ஒரு பெண் குழந்தை குந்தி உட்கார்ந்து, தொடையின்மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு. "ஏம்மா, வீட்டில் உட்கார்ந்து எழுதக் கூடாதா?" என்று கேட்டேன். "வீட்டில் எழுதினால் என் நிழலே நோட்டில் விழுகிறது மாமா" என்றது. கூட வந்த தோழர் கொஞ்சம் கூச்சத்தோடு, "நம்ம பாப்பாதான் அய்யா" என்றார்.

வீட்டுக்குள்ளே போய்ப் பார்த்தேன். ஒரே பல்பு, அதுவும் நடுக்கூடத்தில், உத்திரத்தின்மேல். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வெளிச்சம் முதுகில் விழும். நோட்டில் நிழல்தான் விழும். பெண் சொன்னது முழுதும் நிஜம். ஆனால் எதிர்ச் சுவரில் தேக்குப் பலகை ஒன்று. அதன்மேல் பெரியார் படம். படத்துக்குச் சந்தன மாலை. மாலைக்கு மேலே இராப்பகலாக எரியும் சிவப்புப் பல்பு. அந்தப் பலகையில் முன்னே யார் இருந்தார் என்று கேட்டேன். "எங்க அப்பா காலத்தில் பெருமாள் இருந்தார் அய்யா, நான்தான் தூக்கினேன்" என்று பெருமையாகச் சொன்னார். பெருமாளைத் தூக்கினாரே ஒழிய, பெருமாளுடைய பலகையைத் தூக்கவில்லை, பல்பையும் தூக்கவில்லை.

தோழர்களே! சாமியை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சாமியாகவே வைத்திருப்பதற்குப் பெயர் பகுத்தறிவா? பெரியாருக்கு நம் சுவரில் ஓர் ஆணி போதும். விளக்கு வேண்டியது பெண்ணுக்கு.

இதை நான் சொன்னபோது தோழருக்கு வருத்தம். "அய்யா படத்தை இறக்கச் சொல்கிறீர்களா?" என்றார். அவர் மனைவி அடுப்படியிலிருந்தபடியே, "படம் இருக்கட்டும், பலகையை எடுங்கள். நாலு வருஷமாக நானும் அதைத்தான் சொல்கிறேன்" என்றார். அதற்குமேல் விவாதம் இல்லை. மறுநாள் காலையில் பலகையை இறக்கி அளந்து பார்த்தோம். நீளம் மூன்றடிக்கு ஒரு விரல் குறைவு, அகலம் ஒரு அடிக்கு மேல். நடையின் ஓரத்தில், சைக்கிள் டயர்களும் டியூபுகளும் குவிந்து கிடந்த இடத்தைக் காலி செய்து, இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகையைப் போட்டோம். செங்கல் உயரம் ஒரு சாண். தரையில் சம்மணமிட்டு உட்காருகிற பிள்ளைக்கு முழங்கை படிந்து எழுத அந்த உயரம் சரியாக இருக்கிறது. அதற்குமேல் போனால் தோள் தூக்கிக்கொள்ளும், குறைந்தால் முதுகு வளைந்துவிடும். மண்டிக் கடையில் கணக்குப்பிள்ளைகள் முன்னால் வைத்துக்கொண்டு எழுதும் சரிவுப் பெட்டி இந்தக் கணக்கில் செய்ததுதான். பெண் வலக்கையால் எழுதுகிறவள். ஆகவே ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை இடது பக்கத்துச் சுவரில், தலைக்குக் கொஞ்சம் மேலே வரும்படி மாட்டினோம். இடக்கைப் பிள்ளையாயிருந்தால் வலப்பக்கம் மாட்டவேண்டும். ஒயரும் ஹோல்டரும் பல்புமாக இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

செலவு என்று மூக்கால் அழுகிறவர்களுக்காக ஒரு கணக்குச் சொல்லுகிறேன். ஒன்பது வாட் பல்பு தினம் 3 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்துக்கு 1,620 வாட்-மணி. அதாவது ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். படத்துக்கு மேலே இராப்பகலாக எரியும் ஐந்து வாட் சிவப்புப் பல்பு அதே இரண்டு மாதத்தில் ஏழு யூனிட்டைத் தின்றுவிடுகிறது. 2016 முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாக அளிக்கப்பட்டதே, அந்த நூறில் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு யூனிட் ஒதுக்க மனமில்லாதவன் தரித்திரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நிற்க. வசதியுள்ளவர்கள் வீட்டுக் கூத்து வேறு விதம். அங்கே அறை இருக்கிறது, மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. ஆனால் அவற்றை எங்கே போடுவது என்று வாஸ்துக்காரன் வந்து சொல்லவேண்டும். அவனோ பூஜைக்கும் ஈசானிய மூலைதான் உத்தமம் என்கிறான், படிப்புக்கும் வடகிழக்குதான் விசேஷம் என்கிறான். ஒரே மூலையில் இரண்டு பேர் என்றால் யார் ஜெயிப்பார் என்று கேட்கவேண்டியதில்லை. ஜன்னல் தெற்கில் இருந்தாலும், காற்றும் வெளிச்சமும் அந்தப் பக்கமாகவே வந்தாலும், பிள்ளை சுவரைப் பார்த்துக் கிழக்குமுகமாக உட்காரவேண்டும்! பரீட்சை நெருங்கினால் திருவகீந்திரபுரத்து ஹயக்கிரீவர் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேனாவை அவர் காலடியில் வைத்து வாங்குவார்கள். போகவர ஒரு நாள். அந்த ஒரு நாள் படித்திருந்தால் ஒரு பாடமாவது முடிந்திருக்கும். சரஸ்வதி பூஜையன்று இன்னும் மோசம். புஸ்தகங்களையெல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்து, அன்று முழுதும் தொடக்கூடாது என்று உத்தரவு. கல்விக்கென்று ஒரு தெய்வம், அந்தத் தெய்வத்துக்கென்று ஒரு நாள், அந்த நாளில் படிப்பதற்குத் தடை! மாத விலக்கென்று பெண் பிள்ளையை மூன்று நாள் ஒதுக்கி வைக்கும் வீடுகளில், புஸ்தகம் சரஸ்வதி ஆகையால் அதையும் தொடாதே என்பார்கள். அப்படி வருஷத்துக்கு முப்பத்தாறு நாள். பள்ளிக்கூடத்தில் இத்தனை நாள் வராவிட்டால் உபாத்தியாயர் ஆள் அனுப்பிக் கேட்பார். வீட்டிலே கேட்க ஆள் இல்லை.

பெண் பிள்ளை என்றதும் சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது. 1929ல் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டில் பெண்களுக்கு ஆண்களைப்போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தோம். அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரையில், அறுபது வருஷம் காத்திருக்கவேண்டியதாயிற்று. சரி, சொத்தில் பங்கு வந்துவிட்டது. விளக்கடியில் பங்கு வந்ததா? சாயந்தரம் ஐந்து மணிக்கு நம் வீடுகளுக்குள் எட்டிப் பாருங்கள். பள்ளியிலிருந்து அண்ணனும் வருகிறான், தங்கையும் வருகிறாள். அண்ணன் பையை வீசிவிட்டு விளையாடப் போகிறான். வந்து பிறகு படிக்கிறான். படிக்கிற பிள்ளை என்று அவனைச் சத்தம் போடாமல் விடுகிறார்கள். தங்கை வாசல் பெருக்கி, குழாயடியில் குடத்தோடு நின்று, பாத்திரம் துலக்கி, தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு, எட்டரை மணிக்குப் புஸ்தகத்தைத் திறந்தால், "விளக்கை அணை, தூக்கம் வருகிறது" என்று ஒரு குரல் வருகிறது. வேலை செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உழைத்துத்தான் பிழைக்கவேண்டிய வீடுகளில் குழந்தைகள் கை கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் கை ஏன் பெண் கையாகவே இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன். குடம் தூக்கினால் ஆண் பிள்ளையின் தோள் தேய்ந்துவிடாது.

1953ல் ஆச்சாரியார் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தினம் மூன்று மணி நேரம் போதும், மிச்ச நேரத்தில் வீட்டிலே பெற்றோரோடு இருந்து தொழில் பழகட்டும் என்றார். பெற்றோர் தொழில் என்றால் என்ன? வண்ணான் பிள்ளைக்கு வெளுப்பு, நாவிதன் பிள்ளைக்குக் கத்தி, பண்ணையாள் பிள்ளைக்கு மாடு. பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சொல்லி எதிர்த்தார், நாடே கொந்தளித்தது, ஆச்சாரியார் பதவியைவிட்டுப் போனார், காமராசர் வந்ததும் 1954ல் அத்திட்டம் ஒழிக்கப்பட்டது. இதை நம் பேச்சாளர்கள் யாரும் மேடையில் சொல்லாமல் விடுவதில்லை. நானும் விடுவதில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் உயிர்நாடி எது? வீடு என்பது படிப்பதற்கு இடமல்ல, குலத்தொழிலுக்கே இடம் என்பதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கு வீட்டிலே உட்கார இடமும் கொடுக்காமல், ஒரு மணி நேரமும் கொடுக்காமல், ஆட்டை ஓட்டு, கடையைப் பார், கரும்புச் சோகை சுமந்து வா என்று அனுப்புகிறவன் எந்தத் திட்டத்தை நடத்துகிறான்? கோட்டையில் ஒழித்ததை நடையிலே நடத்துகிறான். மூன்று மணி நேரம் என்று கணக்காவது சொன்னார் ஆச்சாரியார்.

இவ்விதம் சொன்னால், கூட்டம் முடிந்தபின் ஒரு பெரியவர் தவறாமல் எழுந்து, "தெருவிளக்கில் படித்து ஜட்ஜ் ஆனவர்கள் இல்லையா?" என்று கேட்பார். சென்னை உயர்நீதிமன்றத்துக்கு முதல் இந்திய நீதிபதியாக வந்த முத்துசாமி அய்யரைப்பற்றி அப்படி ஒரு கதை வழங்குகிறது. இருக்கட்டும். தெருவிளக்கில் படித்து ஜட்ஜ் ஆனவர் ஒருவர் என்றால், தெருவிளக்கில் கண் நோகப் படித்துப் பாதியில் நின்று, இன்றைக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்? தப்பிப் பிழைத்தவன் கதையைச் சொல்லி, முழுகினவனுக்கு நீச்சல் தெரியாதது குற்றம் என்கிற நியாயம் இது.

அண்ணல் அம்பேத்கர் படித்த கதையே வேறு. பம்பாயில், பரேல் பகுதியில் தொழிலாளர்கள் குடியிருந்த கட்டடத்தில், அவர்கள் குடும்பத்துக்கு ஒரே அறை. சமையல், சாமான், படுக்கை எல்லாம் அதற்குள். எல்லோரும் விழித்திருக்கையில் படிக்க இடமில்லை. அவருடைய தகப்பனார் ராம்ஜி என்ன செய்தார்? பையனை முன்னிரவிலேயே படுக்கச் சொல்லிவிட்டு, தான் விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு அவனை எழுப்பி விளக்கடியில் உட்காரவைத்துவிட்டு, பிறகே தான் படுத்தார். இடத்தைப் பெருக்க முடியாதவர் நேரத்தைப் பங்கிட்டார். 1907ல் அந்தப் பையன் மெட்ரிகுலேஷன் தேறினான்; பிற்காலத்தில் தாதரில் தன் புஸ்தகங்களுக்காகவே ஒரு வீடு கட்டிக்கொண்டான். ராம்ஜி பெரிய பணக்காரரல்ல. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கபீர் பக்திக்காரரும்கூட. பகுத்தறிவு பேசுகிற நாம் அந்தப் பக்தர் செய்ததில் பாதியாவது செய்கிறோமா?

என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசமாகும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதன்பின் படித்ததெல்லாம் கழகப் படிப்பகத்து பெஞ்சியில். என் வீட்டிலே ஒரு மேசை உண்டு. அதன்மேல் துண்டுப் பிரசுரங்கள், ரசீதுப் புஸ்தகங்கள், சந்தா நோட்டு. அதை யாரும் தொடக்கூடாது என்று நான் போட்ட உத்தரவு சரஸ்வதி பூஜை உத்தரவைவிடக் கடுமையானது. மகன் கட்டிலின்மேல் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தான். அக்கரைக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்க்கும் வரையில் எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது ரசீதுப் புஸ்தகங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

இனி, மூன்றடியும் இல்லாத வீடுகள் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடி, வீடே பள்ளிக்கூடம் என்றபோது அவ்வீடுகளின் நிலைமை உலகத்துக்கே தெரிந்தது. வீட்டுக்கு ஒரு செல்போன், அதுவும் தகப்பன் கையோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் எதில் படிப்பது? அதன் பலனாகத்தான் 2021 அக்டோபர் 27ந் தேதி நம் பக்கத்து மாவட்டத்தில், மரக்காணத்துக்கு அருகே முதலியார்குப்பத்தில், 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. உள்ளூரிலேயே படித்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், சாயந்தரத்தில் ஒன்று ஒன்றரை மணி நேரம் திண்ணையிலும் மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதிலே குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்கு வெளியே பத்தடி தூரத்தில் ஒரு வெளிச்சமான இடமும், கேட்டால் சொல்ல ஒரு ஆளும் இருந்தால் பிள்ளைகள் தாமாக வந்து உட்காருவார்கள் என்று அதிலே கண்ணால் கண்டோம். கல்வராயன் மலைமேலிருந்து உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு வந்து தங்கும் பிள்ளைகளுக்கோ, விடுதிதான் வீடு. அங்கே படுக்கிற கூடத்திலேயே படிக்க விளக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது பெற்றோரால் ஆகாத காரியம், பக்கத்திலிருக்கும் தோழர்கள்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

ஆகவே படிப்பகம் வைத்திருக்கிற ஊர்த் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இது. நம் படிப்பகங்கள் காலையில் பத்திரிகை பார்க்கிற பெரியவர்களுக்குப் பயன்படுகின்றன. சாயந்தரம் ஆறு மணிக்குமேல் பல ஊர்களில் அவை கேரம் விளையாடும் இடமாக இருக்கின்றன, அல்லது பூட்டிக் கிடக்கின்றன. ஆறிலிருந்து எட்டரை வரையில் அதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். பாய் இரண்டு, ஒரு சாண் உயரப் பலகை நாலு, பல்பு இரண்டு, குடிக்கத் தண்ணீர், கழிப்பிடத்துக்குத் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் இல்லாத இடத்துக்குப் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள்; இதை யாரும் மேடையில் பேசுவதில்லை, ஆகையால் எழுதிவைக்கிறேன். எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம் என்று பலகையில் எழுதினால் மாத்திரம் போதாது. சேரிப் பிள்ளைகளைத் தோழர்கள் தாங்களே கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைக்கவேண்டும். பேச்சு, கொள்கைப் பாட்டு ஒன்றும் அந்நேரத்தில் வேண்டாம். கணக்கைப் போட்டு முடிக்கட்டும். கொள்கை எங்கே போகிறது!

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018ல் உத்தரவிட்டிருக்கிறது. அவர்களைப் பலகையின் முன்னால் கட்டிப்போட வேண்டாம். ஒரு சுவரையும் நாலு கரித்துண்டையும் கொடுத்தால் போதும். சுவர் கெட்டுப்போகும் என்பார்கள். சாமி மாடத்துக்குமேல் எண்ணெய்ப் புகை படிந்திருக்கிற சுவரைவிட அதிகமாகக் கெடாது.

அக்கரைத் தோழர் சென்ற வாரம் டெலிபோனில் பேசினார். பெண் இப்போது பலகையில்தான் எழுதுகிறதாம். தம்பியும் அதன் மறுபக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு காலால் காலை உதைக்கிறானாம். இன்னொரு பலகை வேண்டுமாம். சிவப்புப் பல்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. "எடுத்துவிடுகிறேன் அய்யா" என்றார். ஜனவரியில் அந்தப் பக்கம் மறுபடியும் கூட்டம் இருக்கிறது. இலையில் உட்காருவதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.